பித்தளையில் ஒரு ஈ

திருமயத்தில் வெள்ளைச்சாமி வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். மிலிட்டரி வெள்ளைச்சாமி என்று கேட்டால்தான் சரியான வாசலுக்குப் போய்ச் சேரலாம். வயது ஐம்பத்தேழு. பதினெட்டு வருடம் பட்டாளத்தில் இருந்து, வடக்கே பனியிலும் மணலிலும் கால் தேய நடந்து, முழு உடம்போடு ஊர் வந்து சேர்ந்தவர். அந்தப் புண்ணியத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மன் கோயிலில் ஒரு நெய்விளக்கு போடுகிறவர். இப்போது ஒரு தனியார் ஏஜென்சியில் காவலர் வேலை. ஏ.டி.எம். பெட்டிகளுக்குப் பணம் கொண்டுபோகிற வேன் காலையில் புதுக்கோட்டையில் கிளம்பி, திருமயம், அறந்தாங்கி என்று சுற்றி மாலையில் திரும்பும். டிரைவர் ஷாகிருக்குப் பக்கத்துச் சீட்டு இவருடையது. இடுப்பில் தோல் உறைக்குள் சொந்த லைசென்ஸில் வாங்கிய ரிவால்வர்.

அந்த ரிவால்வரை அவர் இதுவரை எந்த மனுஷன் பக்கமும் நீட்டியதில்லை. அப்படி ஒரு வேலையை ஆண்டவன் அவருக்கு வைக்கவில்லை. ஒரே ஒரு தடவை அறந்தாங்கியில் ஒரு காளை வேன் கதவை மறித்து நின்றது. வெள்ளைச்சாமி உறையின் மேல் கையை வைத்துக்கொண்டு, பட்டாளத்துப் பழக்கத்தில் இந்தியில் அதட்டினார். காளைக்கு இந்தி தெரியவில்லை. ஷாகிர் இறங்கி வந்து, வாழைப்பழத் தோலைக் காட்டி அதைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான். ஷாகிருக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அடம்பிடிக்கிறவர்களை நகர்த்துவது எப்படி என்று தெரிந்தவன்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கண்ணைத் தவிர. இரண்டு வருடமாக அவருக்குப் பார்வை மங்கி வந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் ஊருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனர் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தி, அதில் சிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் ரொம்ப நாளாக ஆளையே காணோமே என்று விசாரித்திருக்கிறார். பதில் வராததால் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, வரவர அந்த ஆளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று மனைவி அமராவதியிடம் சொன்னார். அமராவதி அந்தப் பெரியவரின் கருமாதிப் பத்திரிகையை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கி, எட்டிய மட்டும் கையை நீட்டிப் பிடித்து, முழுக்கப் படித்து முடித்தவர்போல் தலையை ஆட்டினார். பத்திரிகை தலைகீழாக இருந்தது.

கண் டாக்டரிடம் போகலாம் என்று அமராவதி சொல்லாத நாளில்லை. போனால் கண்ணாடி கொடுப்பார்கள். கண்ணாடி போட்டால் துப்பாக்கியை வாங்கிவிடுவார்கள். இது வெள்ளைச்சாமி தானாகவே யோசித்து, தானாகவே முடிவு செய்து, தானாகவே பயந்துகொண்டிருந்த விஷயம். பட்டாளத்தில் அவருடன் இருந்த ஒருவனுக்குக் கண்ணாடி வந்த மாதமே ஸ்டோர் ரூமில் உருளைக்கிழங்கு எண்ணுகிற வேலை கொடுத்துவிட்டார்கள். அந்த உருளைக்கிழங்கு இவர் மனதை விட்டுப் போகவே இல்லை.

ஏஜென்சியில் வருடத்துக்கு ஒரு தடவை தை மாதத்தில் சுடும் தேர்வு வைப்பார்கள். ஆறு குண்டு. நாலு வட்டத்துக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் துப்பாக்கி வேலை கிடையாது. போன வருடம் தவறிய ஒரு காவலரைப் புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனபோது வெள்ளைச்சாமி அவரைப் பார்த்தார். ரோஸ் கலர் ரிப்பனில் விசில் தொங்க, கார்களுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டு, ‘வரலாம் வரலாம், ஒடிச்சுக்க, ஒடிச்சுக்க’ என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். முன்பெல்லாம் அவரையும் ஊரில் மிலிட்டரி என்றுதான் கூப்பிட்டார்கள். இப்போது விசில் என்று கூப்பிடுகிறார்கள். வெள்ளைச்சாமிக்கு அன்றைக்குப் பந்தியில் பாயசம் இறங்கவில்லை.

வழி காட்டியது ஆயுத பூஜை. அமராவதி அரிவாள்மனை, மிக்சி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவள், குண்டுகளைக் கழற்றி வைத்திருந்த ரிவால்வருக்கும் வைத்தாள். அதற்கு நெற்றி எது என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குழல் முனையில் மேலே துருத்திக்கொண்டிருக்கிற சின்ன மேட்டில் ஒரு பொட்டு இட்டாள். குறி பார்க்கிற இடமே அதுதான். மறுநாள் காலையில் வழக்கம்போல வெறும் துப்பாக்கியைத் தூக்கி, சுவரில் இருந்த நாள்காட்டியைக் குறிபார்த்த வெள்ளைச்சாமி அப்படியே நின்றுவிட்டார். எத்தனையோ மாதமாக மங்கலுக்குள் போய் முடிகிற கறுப்புக் குச்சியாக இருந்த குழலின் நுனியில், சிவப்பாக, பளிச்சென்று ஒரு புள்ளி உட்கார்ந்திருந்தது.

குங்குமம் இரண்டு நாளில் உறைக்குள் உதிர்ந்து, காக்கி பேண்ட்டில் வழிந்தது. அடிபட்டுவிட்டதா மாமா என்று ஷாகிர் பதறினான். பிறகு மஞ்சளைக் குழைத்து வைத்தார், அதுவும் நிற்கவில்லை. பிறகு அமராவதியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றை உரித்து ஒட்டினார். அது ஒரு வாரம் நின்றது. அறந்தாங்கி வெயிலில் பசை இளகி, அவர் முழங்கையில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. யார் வீட்டுப் பொட்டு என்று ஷாகிர் மூன்று நாள் விசாரணை நடத்தினான்.

உதிராத, உரியாத, மின்னுகிற ஒன்று வேண்டும். இப்படியே மார்கழியும் வந்துவிட்டது. அப்போதுதான் அவருக்குப் பித்தளை ஞாபகம் வந்தது. பட்டாளத்தில் ஒரு பெரிய அதிகாரியின் கைத்துப்பாக்கி முனையில் பித்தளை வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறார்.

இங்கே ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குழல் முனையில் இருக்கிற அந்தக் குறிமேட்டுக்கு வடக்கே ‘மக்கி’ என்று பெயர். மக்கி என்றால் ஈ. தூரத்தில் இருந்து பார்க்க, குழல்மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்த மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். வெள்ளைச்சாமிக்குச் சுடச் சொல்லிக்கொடுத்த ஹவில்தார், அவருடைய பதினெட்டு வயதில் காதில் ஓதியது ஒரே பாடம்தான்: ஆளைப் பார்க்காதே, ஈயைப் பார். குறிப்பலகை மங்கினால் மங்கட்டும், ஈ மட்டும் தெளிவாக இருக்கட்டும். அன்றிலிருந்து அவர் மனதில் அது தமிழிலும் ஈதான். தமிழ்நாட்டில் எல்லாரும் அதை ஈ என்றுதான் சொல்வார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். துப்பாக்கியைப் பற்றி ஊரில் யாரோடும் பேச வேண்டி வராததால் அந்த நம்பிக்கைக்கு இதுவரை ஆபத்து வரவில்லை.

துப்பாக்கியை அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது. கண்டவர் அரத்தை வைத்து ராவவும் கூடாது. அது சட்டம். வெள்ளைச்சாமி சட்டத்துக்கும் சாமிக்கும் ஒரே அளவு பயப்படுகிறவர். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்குப் போன் போட்டுக் கேட்டால், ஒரு மாதம் ஆகும் என்றார்கள். தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அதனால் துப்பாக்கியைத் தொடாமல், அந்தக் கறுப்பு மேட்டின்மேல் தொப்பி மாதிரி மாட்டிக் கழற்றுகிற பித்தளைத் துண்டு ஒன்று செய்துகொள்வது என்று முடிவு செய்தார். அளவு எடுக்க வேண்டுமே. அமராவதி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு உருண்டையைக் கிள்ளி, குண்டில்லாத ரிவால்வரின் மூக்கை அதில் அழுத்தி எடுத்தார். துப்பாக்கிக்கும் பசி எடுத்துவிட்டதா என்று அமராவதி கேட்டாள். அச்சு அழகாக விழுந்திருந்தது. அதை வாழை இலைத் துண்டில் வைத்து, டிபன் டப்பாவில் மூடி, நாகராசு பத்தர் கடைக்குக் கொண்டுபோனார்.

நாகராசு பத்தர் கடைத்தெருவில் தோடு, மூக்குத்திக்குத் திருகு போடுகிறவர். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது நேர்த்திக்கடன் உருக்கள். கண் வலித்தவர்களுக்குக் கண்மலர், கால் நோவுக்குக் கால், பிள்ளை வரத்துக்குத் தொட்டில், தேள் கொட்டிப் பிழைத்தவர்களுக்குத் தேள் என்று வெள்ளியிலும் பித்தளையிலும் அடித்துக் கொடுப்பார். அதை வாங்கிக்கொண்டு போய் அம்மன் உண்டியலில் சேர்ப்பார்கள். வீட்டுச் சுவரைக் குடைகிறது என்று ஒருவர் போன வருடம் பெருச்சாளி கேட்டார். மீசை முடி ஒவ்வொன்றாகத் தெரிய அதையும் அடித்துக் கொடுத்தார். வேண்டுதல் இன்னதென்று பத்தர் யாரிடமும் கேட்க மாட்டார். சொல்லுகிற வாய்க்கும் கேட்கிற சாமிக்கும் நடுவில் தட்டானுக்கு என்ன வேலை என்பார்.

கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, வெள்ளைச்சாமி குரலைத் தாழ்த்தினார்.

“பத்தரே, பித்தளையில ஒரு ஈ வேணும்.”

பத்தர் ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“எம்புட்டுப் பெருசு?”

வெள்ளைச்சாமி டப்பாவைத் திறந்து மாவைக் காட்டினார். “இந்தக் குழியில இறுக்கமா உக்காரணும்.”

“உக்காந்த மாதிரியா, பறக்குற மாதிரியா?”

“பறந்துச்சுன்னா என் பொழப்பு போச்சு பத்தரே. ஆடாம அசையாம உக்காரணும்.”

“ஒண்ணு போதுமா?”

“ஒண்ணுக்கு மேல வச்சா எதைப் பாக்குறது?”

“வெள்ளியில செஞ்சா விசேஷம்.”

“வெள்ளி கறுத்துப் போகும். பித்தளைன்னாத்தான் கண்ணுக்குத் தெரியும்.”

“யாருக்குத் தெரியணுமோ அவுகளுக்கு எதுல செஞ்சாலும் தெரியும்,” என்றார் பத்தர் மெதுவாக.

தன் கண் விஷயம் இவருக்கும் தெரிந்துவிட்டது என்று வெள்ளைச்சாமிக்குச் சுருக்கென்றது. வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இதெல்லாம் வெளியில் பேசுகிற விஷயமா என்று பத்தர் காதைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெள்ளைச்சாமிக்கு மனது நிறைந்துவிட்டது. தொழில் தெரிந்த மனுஷர், ஆயுதத்துக்கு மரியாதை கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தார்.

பத்தர் மனதில் ஓடியது வேறு. பின்னால் அவரே சொல்லித்தான் அது தெரிந்தது. மிலிட்டரி வீட்டில் ஈத்தொல்லை போலிருக்கிறது, பாவம், அம்மனுக்கு ஈ நேர்ந்திருக்கிறார், மாவிளக்கு மாவில் குழி பதித்தே கொண்டுவந்துவிட்டார், எவ்வளவு பக்தி என்று அவர் உருகிப்போயிருக்கிறார். அந்தச் சப்பாத்தி மாவை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, விளக்கேற்றிவிட்டுத்தான் முதல் அடி அடித்தாராம்.

தேர்வுக்கு முதல் நாள் மதியம் பத்தர் கூப்பிட்டு அனுப்பினார். நகை வைக்கிற சின்ன டப்பா. உள்ளே ரோஸ் காகிதம், மேலே வெற்றிலை, ஒரு துண்டு வெல்லம். செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று, இரண்டு கையாலும் கொடுத்தார். காலையில் குளித்துவிட்டுத் திறக்க வேண்டும் என்றார். வெள்ளைச்சாமியும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் குளித்து, விபூதி பூசி, டப்பாவைத் திறந்தார். பித்தளைத் துண்டின்மேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. ஊதினார். போகவில்லை. இன்னும் பலமாக ஊதினார். விரலால் தட்டினார். விரல் வலித்தது.

அப்போதுதான் புரிந்தது. ஈ என்றால் ஈயேதான். தலை, இறக்கை, கால், கொண்டை மாதிரி இரண்டு கண். ஏழு மணிக்கு ஷாகிர் வேனோடு வந்துவிடுவான். பத்தரைப் போய் உலுக்கவும் நேரமில்லை. அடியில் திருப்பிப் பார்த்தார். குழி மட்டும் சுத்தமாக, அளவாக இருந்தது. ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றிவிடலாம் என்று வெறும் ரிவால்வரின் முனையில் வைத்து அழுத்தினார். ‘க்ளுக்’ என்று ஒரு சத்தம். மாட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. துணியைப் போட்டு இழுத்தார், வரவில்லை. மாவு காயக் காயச் சுருங்கும் என்பதைப் பட்டாளத்தில் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

காபி கொண்டுவந்த அமராவதி, துப்பாக்கிமேல் ஈ உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் ஓர் அடி போட்டாள். ஈ இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கியவளை அவர் தடுத்து, நடந்ததைச் சொன்னார். அமராவதி துண்டைக் கீழே போட்டாள். குனிந்து பார்த்தாள். வெற்றிலை, வெல்லம், ரோஸ் காகிதம் எல்லாவற்றையும் பார்த்தாள்.

“பத்தரு பெசகினதா நெனைக்காதீங்க. ஆத்தாதான் ஈயா வந்து ஒக்காந்திருக்கா. நீங்க கண்ணு தெரியலன்னு மறைச்சா, அவளுக்குமா தெரியாது?”

சொல்லிவிட்டு, டப்பாவில் இருந்த வெல்லத்தை நீரில் குழைத்து, ஒரு சொட்டை எடுத்து ஈயின் வாயில் தடவினாள். வீட்டுக்கு வந்த சாமியை வெறும் வயிற்றோடு அனுப்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

வேனில் போகும்போது வெள்ளைச்சாமி உறையின் பட்டனை மூடிக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். ஏன் மாமா, உள்ளே கோழிக்குஞ்சா வைத்திருக்கிறீர்கள் என்று ஷாகிர் கேட்டான். அவர் கண்ணுக்கு முன்னால் ரோஸ் ரிப்பனில் ஒரு விசில் ஆடிக்கொண்டிருந்தது.

ஏஜென்சி ஏற்பாடு செய்திருந்த சுடுதளத்தில் ஆறு காவலர்கள் வரிசையாக நின்றார்கள். தேர்வு வைக்கிறவர் முகமது ரபீக், ஆயுதப்படை போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். சிரிக்காதவர் என்று பெயர். ஒவ்வொரு துப்பாக்கியாக மேசைமேல் வைக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். வெள்ளைச்சாமி வைத்ததும், கையில் இருந்த பைலால் அதன்மேல் விசிறினார். அடுத்த துப்பாக்கிக்குப் போனார். ஏதோ உறுத்தித் திரும்பி வந்தார். மறுபடி விசிறினார். பிறகு குனிந்து, முகத்தை அருகில் கொண்டுவந்தார். அவருக்குத் தடித்த கறுப்புப் பிரேமில் கண்ணாடி உண்டு என்பது வெள்ளைச்சாமிக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருடமாக அவருக்குப் புருவம் கொஞ்சம் கெட்டி என்றே நினைத்திருந்தார்.

“என்னய்யா இது?”

“ஈ, சார்.”

“ஈன்னு தெரியுது. இங்க என்ன பண்ணுது?”

வெள்ளைச்சாமி அட்டென்ஷனில் நின்றார். “மக்கி, சார். பித்தளையில மக்கி வேணும்னு சொன்னேன். தமிழ்ல சொல்லிப்புட்டேன்.”

ரபீக் ஒரு வருடம் வடக்கே பயிற்சிக்குப் போய் வந்தவர். அவர் முகத்தில் முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு தோள் குலுங்கியது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, சிரிக்காதவராகவே, ஈயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. துப்பாக்கியில் ராவியிருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. படிவத்தில் ‘கூடுதலாக மாட்டிய பொருள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ‘ஈ – 1’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளைச்சாமியின் முறை வந்தது. காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் ரிவால்வரைத் தூக்கினார். தூரத்தில் பலகை இருந்தது என்று சொன்னார்கள். அவருக்கு அங்கே ஒரு பால்நிற மங்கலும் நடுவில் கறுப்பாக ஒரு கறையும் தெரிந்தன. அதற்கு முன்னால், தை மாதத்துக் காலை வெயிலில், ஈயின் தலை தகதகவென்று எரிந்தது.

முதல் குண்டு பலகைக்கே போகவில்லை. பின்னால் இருந்த மணல்மேட்டில் புழுதி பறந்தது. இரண்டாவதுக்கு முன்னால் ஹவில்தார் காதுக்குள் வந்தார்: ஈயைப் பார். பார்த்தார். உள்ளே விழுந்தது. மூன்றாவதும் உள்ளே. நாலாவது வெளியே. ஐந்தாவது உள்ளே. மூன்றாகிவிட்டது. இன்னும் ஒன்று வேண்டும், இருப்பதும் ஒன்றுதான்.

ஆறாவதுக்காகத் தூக்கினார். மூச்சை இழுத்து நிறுத்தினார். விரலைக் கொண்டுபோனார். குறி பார்த்த கண்ணுக்கு முன்னால் இரண்டு ஈ இருந்தது.

கண்ணைக் கொட்டிவிட்டு மறுபடி பார்த்தார். இரண்டுதான். வெல்ல வாசனைக்கு எங்கிருந்தோ வந்த நிஜ ஈ ஒன்று, பித்தளை ஈக்குப் பக்கத்தில் தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதுவும் வெயிலில் மின்னியது. அதுவும் ஆடவில்லை, அசையவில்லை. ஒண்ணுக்கு மேல வச்சா எதைப் பாக்குறது என்று பத்தரிடம் கேட்டது நெஞ்சுக்குள் திரும்பி வந்து கேட்டது. கையை விட்டு விரட்டினால் குறி போய்விடும். துப்பாக்கியை இறக்கினால் நேரம் போய்விடும். ரபீக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷாகிர் வேன் பக்கத்தில் இருந்து கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

‘ஆத்தா, நீ எதுல இருக்க, எனக்குத் தெரியல. இருக்கிறது மட்டும் இருக்கட்டும்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, பிடித்து வைத்திருந்த மூச்சை மெதுவாக ஊதினார்.

ஒன்று பறந்தது. ஒன்று இருந்தது. சுட்டார்.

ரபீக் பலகைக்கு நடந்துபோய், குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார். குண்டு வட்டத்தின் கோட்டில் பட்டிருந்தது. கோட்டைத் தொட்டால் உள்ளே என்பதுதான் விதி. திரும்பி வந்து படிவத்தில் ‘தேர்ச்சி’ என்று எழுதினார். ஷாகிர் அங்கிருந்தே இரண்டு கையையும் தூக்கி அல்லாவுக்கு நன்றி சொன்னான். வெள்ளைச்சாமி பக்கத்தில் இருந்த மணல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

மற்றவர்கள் டீ குடிக்கப் போனதும் ரபீக் பக்கத்தில் வந்து நின்றார். பலகை எவ்வளவு தூரம் தெரிகிறது என்று கேட்டார். பொய் சொல்லலாம் என்று வெள்ளைச்சாமிக்கு ஒரு நொடி தோன்றியது. இவ்வளவு செய்த அம்மனை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

“ஈ நல்லாத் தெரியுது சார். அதுக்கு அங்கிட்டு எல்லாம் மேகமூட்டமா இருக்கு.”

“கண்ணாடி போட வேண்டியதுதானே?”

“போட்டா துப்பாக்கிய வாங்கிருவாகளே, சார்.”

“யாரு சொன்னா?”

யார் சொன்னது என்று வெள்ளைச்சாமி யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். யாருமே சொல்லவில்லை. ரபீக் தன் கண்ணாடியைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார். பதினாலு வருடமாக இதைப் போட்டுக்கொண்டுதான் சுடுகிறேன் என்றார். அந்த வாரமே கண் டாக்டரைப் பார்த்து, சீட்டு வாங்கிக் காட்டிவிட்டுத்தான் வேனில் ஏற வேண்டும் என்றும், அதுவரை லீவு என்றும் சொன்னார். போகும்போது ஈயை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். தோள் மறுபடி குலுங்கியது.

டாக்டர் வெள்ளைச்சாமிக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது, ஆறு மாதத்தில் திரும்ப வர வேண்டும் என்றார். கண்ணாடி வந்த அன்றைக்கு, அவர் நாள்காட்டியை நோக்கி வெறும் ரிவால்வரைத் தூக்கிப் பார்த்தார். கறுப்புமேடு கறுப்பாகவே, கூர்மையாகத் தெரிந்திருக்கும். ஆனால் அதன்மேல் ஈ உட்கார்ந்திருந்தது. அமராவதி தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணிச் சொட்டுச் சொட்டாக விட, அவர் நூலைச் சுற்றி இழுக்க, அரை மணி நேரம் கழித்து அது ‘க்ளுக்’ என்று கையோடு வந்தது.

அதை எடுத்துக்கொண்டு பத்தர் கடைக்குப் போய், வெட்கப்பட்டுக்கொண்டே முழுக் கதையையும் சொன்னார். பத்தர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது.

“அப்ப ஒங்க வீட்டுல ஈத்தொல்லையே இல்லையா?”

இல்லை என்றார் வெள்ளைச்சாமி. பத்தர் சுத்தியலை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, அம்மன் பேரைச் சொல்லி விளக்கேற்றி அடித்தது, இனிமேல் அதை வேறு எதற்கும் வைத்துக்கொள்ள முடியாது, அவளுக்குத்தான் போய்ச் சேர வேண்டும் என்றார். வெள்ளைச்சாமிக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் அமராவதியோடு கோயிலுக்குப் போனார். உண்டியலில் போடுவதற்கு முன்னால் அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட வேண்டும். பூசாரி உள்ளே பூ எடுக்கப் போயிருந்தார். வெள்ளைச்சாமி உள்ளங்கையை விரித்து, புதுக் கண்ணாடி வழியாக முதல் தடவையாக அந்த ஈயை நன்றாகப் பார்த்தார். இறக்கைக்குள் நரம்பு ஓடியது. ஆறு காலிலும் முடி இருந்தது. முன்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, கும்பிடுகிற மாதிரி வைத்திருந்தார் பத்தர். இவ்வளவையும் அவர் அன்றைக்குப் பார்க்கவே இல்லை. சுடும்போது தலை மட்டும்தான் தெரிந்தது, அதுவும் வெயிலில். அமராவதி முழங்கையால் இடித்த பிறகுதான் படியில் ஏறி, தட்டில் இருந்த பூவுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார்.

பூசாரி வந்தார். தட்டைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, அம்மன் பூவில் வந்து உட்கார்ந்த ஈயைப் பலமாக விசிறினார்.

வெள்ளைச்சாமி, இன்னும் ஓரிரண்டு தடவை விசிறட்டும் என்று காத்திருந்தார்.